முந்நூறில் ஒருத்தி மிச்சம்

மரப்பாலம் உடைந்த ஒன்பதாம் நாள் காலையில், கூரன்பாறை எஸ்டேட்டின் மஸ்டர் களத்தில், பேர் கூப்பிட்ட முந்நூறு பேரும் குரல் கொடுத்து முடித்து, கொழுந்து பறிக்கப் போவதற்காக இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து நின்றபோது, ஒச்சம்மா மட்டும் சோடி இல்லாமல் தனியாக நின்றாள்.

"என்னடி இது, பந்தி முடிஞ்சு எலை எடுத்த பிறகு வந்தவ மாதிரி நிக்க விட்டுட்டீங்க? எவடி எனக்குச் சோடி?" என்று கேட்டாள்.

சிலர் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை வேதமுத்து மஸ்டர் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி பேர் கூப்பிட்டார். முந்நூறு பேர், முந்நூறு குரல். மறுபடி சோடி சேரச் சொன்னார். இந்த முறை ஒச்சம்மாவுக்குச் சோடி கிடைத்தது, சீனித்தாய் தனியாக நின்றாள். மூன்றாம் முறை வேறொருத்தி நின்றாள். வேதமுத்து வரிசையோடு நடந்துபோய்ப் பார்த்தார். ஒவ்வொரு சோடியிலும் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் முகம் இருந்தது, எந்த முகமும் புதிதாக இல்லை. முந்நூறு இரண்டால் வகுபடும் என்பது அவருக்குத் தெரியும், களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி மிஞ்சினாள். மழை தூறிக்கொண்டிருந்தது, கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. வேதமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, அவ தனியாப் பறிக்கட்டும்" என்றார். எல்லோரும் தேயிலைக் காட்டுக்குப் போனார்கள்.

கூரன்பாறையில் முந்நூறு என்பது தானாக அமைந்த எண் அல்ல. எப்போதோ இருந்த ஒரு மேனேஜர், பறிப்புக்குச் செடி நிரையின் இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி என்று இரண்டு பேர், உரம் போட மூன்று பேர், கவாத்து வெட்டிய கழிகளைச் சுமக்க நான்கு பேர், களை எடுக்க ஐந்து பேர், நாற்று நட ஆறு பேர், எப்படிப் பிரித்தாலும் ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று யோசித்து, முந்நூறு பேர் என்று வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு பேர் விழுந்தால்தான் இன்னொரு பேர் ஏறியது. பேர் இருக்கும் வரைக்கும்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. சேர்ந்தாற்போல் ஐந்து நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் அடிபட்டால் பாத்திரத்தையும் பாயையும் எடுத்துக்கொண்டு மலை இறங்க வேண்டும், கீழே யாருக்கும் ஊர் என்று ஒன்று மிச்சமிருக்கவில்லை.

அதனால் கூரன்பாறையில் 'பேருக்கு நிற்பது' என்று ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சலில் படுத்தவளுக்காக அவள் மகளோ தங்கையோ மருமகளோ வந்து, அவள் பேரைக் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, அவள் கூடையை மாட்டிக்கொண்டு போவாள். வேதமுத்து பேர் கூப்பிடும்போது தலை நிமிர மாட்டார். முப்பது வருஷமாக அவர் குரல்களுக்குத்தான் குறி போட்டுக்கொண்டிருந்தார், முகங்களுக்கு அல்ல, அதை அவர் செய்த பெரிய புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவருக்காக ஒருவர் நிற்காத வீடு லைனில் ஒன்றுகூட இல்லை.

அன்னக்கொடிக்காக அவள் மகள் புஷ்பலீலா நின்றாள். பத்தொன்பது வயது, இடது கைக்காரி, எந்த நிரையை முடித்தாலும் கடைசிச் செடியில் ஒரு பெரணித் தண்டை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நிரைக்குப் போவாள். தன் பேர் மஸ்டரில் ஏற நான்கு வருஷமாகக் காத்திருந்தாள். "யாராவது செத்தாத்தான் எனக்கு வேலை, அதான் எல்லார் உடம்பையும் விசாரிச்சுக்கிட்டே திரியறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பெரியவர்கள் முதுகில் ஒன்று போடுவார்கள்.

ஆடி மாதம் அன்னக்கொடி காய்ச்சலில் விழுந்தாள். நாலு நாள் லீலா அவள் பேருக்கு நின்றாள். நாலாம் நாள் சாயங்காலம் பதினோராம் நம்பர் காட்டிலிருந்து திரும்பும்போது, ஆற்றின் மேல் போட்டிருந்த மரப்பாலம் நடுவில் முறிந்தது. பாலத்தில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள், முன்னால் போனவர்கள் அந்தக் கரையிலும் பின்னால் வந்தவர்கள் இந்தக் கரையிலும் விழுந்தார்கள், நடுவில் இருந்த லீலாவை ஆறு எடுத்துக்கொண்டது. ஆறு கீழே அணைக்குப் போகிறது. அணை எதையும் திருப்பித் தரவில்லை.

அரை மணி நேரத்தில் மேனேஜர் பெல்லியப்பா ஜீப்பில் வந்து இறங்கி, பின்னால் நின்றவர்களைச் சுற்று வழியாக வரவைத்து, எல்லோரையும் களத்துக்குக் கூட்டிப்போய் மஸ்டர் கூப்பிடச் சொன்னார். அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் விதி. பேர் கூப்பிட்டால் யார் இல்லை என்று தெரிந்துவிடும். அப்போது இரண்டு பேர், யார் என்று பிறகு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, லைனுக்கு ஓடிப்போய், அன்னக்கொடியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, கம்பளியைச் சுற்றி, இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டி வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பேருக்கு ஆள் நின்றது தெரிந்தால் அன்னக்கொடியின் பேர் போகும், பிறகு தோண்டத் தோண்ட இன்னும் நாற்பது பேர் போவார்கள், நாற்பது வீடு போகும் என்று அந்த ஓட்டத்திலேயே அவர்கள் யோசித்திருந்தார்கள்.

"பேர் கூப்பிட்டா இருக்கேன்னு மட்டும் சொல்லுக்கா" என்றாள் ஒருத்தி காதோடு.

"லீலா எங்கடி?"

"வருவா. நீ சொல்லு."

வேதமுத்து தலை நிமிராமல் "அன்னக்கொடி" என்றார். மழை அவர் புத்தகத்தின் மேல் பிடித்திருந்த குடையில் விழுந்துகொண்டிருந்தது. அன்னக்கொடி, பல் கிட்டிக்கொண்டிருந்த வாயைத் திறந்து, "இருக்கேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு முந்நூறும் நிறைந்துவிட்டது. யாரும் காணாமல் போகவில்லை. மறுநாள் செய்தித்தாளின் எட்டாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது: எஸ்டேட்டில் மரப்பாலம் உடைந்தது, தொழிலாளர்கள் அனைவரும் பத்திரம், உயிர்ச்சேதம் இல்லை.

பிறகு, லைனில் ஒரு பெண்ணைக் காணோம் என்ற பேச்சு மலை இறங்கியதால், விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். "புஷ்பலீலாவா? அவ அன்னிக்கு வேலைக்கே வரலீங்களே" என்று முதலில் வந்தவள் சொன்னாள், அடுத்து வந்தவளும் சொன்னாள், கடைசியில் வந்தவள் வரைக்கும் சொன்னார்கள். அப்படியானால் எங்கே போனாள் என்று கேட்டபோது, திருப்பூர் என்றார்கள். பிறகு பனியன் கம்பெனி என்றார்கள். பிறகு ஒருத்தி, அவிநாசி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் மஞ்சள் சுடிதாரில் உட்கார்ந்திருந்ததைத் தன் அண்ணன் பார்த்ததாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. "மஞ்சச் சுடிதாரு அவகிட்ட ஏதுடி?" என்று அன்னக்கொடி கேட்டாள். அடுத்த முறை சொன்னபோது சுடிதார் பச்சையாகிவிட்டது.

அதிகாரி மலை இறங்கிப் போன மறுநாள்தான் ஒச்சம்மா தனியாக நின்றாள்.

ஒருத்தி மிஞ்சுவது முதல் வாரம் தொல்லையாக இருந்தது, இரண்டாம் வாரம் பேச்சாக இருந்தது, ஒரு மாதத்தில் பழக்கமாகிவிட்டது. உரம் போட மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள், ஒருத்தி மிஞ்சினாள். கழி சுமக்க நான்கு நான்காக, களைக்கு ஐந்து ஐந்தாக, நாற்றுக்கு ஆறு ஆறாகப் பிரித்தார்கள், அப்போதும் ஒருத்தி மிஞ்சினாள், அதற்குமேல் ஒருபோதும் மிஞ்சவில்லை. நேற்று மிஞ்சியவள் இன்று மிஞ்ச மாட்டாள். மிஞ்சியவளுக்கு 'மிச்சக்காரி' என்று பேர் வந்தது. மிச்சக்காரிக்குப் பத்து மணி டீயை முதலில் ஊற்றிக் கொடுத்தார்கள், அன்று அவள் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று பக்கத்து வீட்டிலிருந்து சோறு போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கினார்கள். யூனியன்காரர்கள் 'மிச்சக்காரிக்குக் காட்டெருமையிடமிருந்து பாதுகாப்பு கொடு' என்று ஆபீஸ் சுவரில் எழுதினார்கள். வேதமுத்துவைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்து பேர் கூப்பிட்டார், ஒருத்தி மிஞ்சினாள், முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தாள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துப் பார்க்க வந்தவர்கள், விடுமுறை நாளில் களம் காலியாகக் கிடந்ததைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுண்டல் தின்றுவிட்டுப் போனார்கள்.

இவை வெளியே தெரிந்தவை. மிச்சக்காரியின் பகல் எப்படிப் போனது என்பதை எந்த மிச்சக்காரியும் இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. சோடியாகப் பறிக்கும்போது கையும் வாயும் சேர்ந்து ஓடும். மாமியார், மருமகள், சினிமா, சீட்டு, பக்கத்து வீட்டுக் கோழி என்று பேச்சு நிரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். மிச்சக்காரிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் பாட்டு முணுமுணுப்பாள், பிறகு அட்டையைத் திட்டுவாள், பத்து மணிக்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது, அப்போது அதிகாரியின் முன்னால் நின்று தான் சொன்ன அந்த ஒரு வாக்கியம், தன் குரலிலேயே, மெதுவாக வந்து எதிர்ப் பக்கத்தில் நின்றுகொள்ளும். சாயங்காலம் வரைக்கும் அது போகாது. மறுநாள் காலையில் அன்னக்கொடி வீட்டு வாசலில் கால் கிலோ சர்க்கரையோ ஒரு பாக்கெட் பிஸ்கட்டோ இருக்கும். யார் வைத்தது என்று அவள் கேட்க மாட்டாள். மூன்றாம் முறை மிச்சக்காரியான அன்று ஒச்சம்மா நேராக அன்னக்கொடி வீட்டுக்கே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்று, "மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேர் கூப்பிட்டால் முந்நூறு, பிரித்தால் ஒன்று மிச்சம். களத்தில் எல்லோருக்கும் வகுக்கத் தெரிந்தது. யாரும் சோடிகளை எண்ணிப் பெருக்கிப் பார்க்கவில்லை.

அன்னக்கொடி மட்டும் ஒரு நாளும் மிஞ்சவில்லை. இதைக் கவனிக்க அவர்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தினமும் அவளுக்குச் சோடி இருந்தது, தினமும் அவள் நிரையின் இரண்டு பக்கமும் சுத்தமாகப் பறிக்கப்பட்டிருந்தது, ஆனால் சாயங்காலம் கொழுந்து நிறுவைக்கு நிற்கும்போது, இன்றைக்கு அன்னக்கொடியோடு பறித்தது யார் என்று கேட்டால், நான் என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. அவளையே கேட்டார்கள்.

"இருந்தா ஒருத்தி" என்றாள்.

அவள் பறித்த நிரைகளின் கடைசிச் செடியில் பெரணித் தண்டு முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு இடது கைப்பக்கமாக விழுந்திருந்தது. அந்தப் பக்கமாகப் போனவர்கள் அதைப் பார்த்தார்கள், தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாசி மாதம் ஒரு மிச்சக்காரியைக் காட்டெருமை துரத்திற்று. அவள் தப்பித்துவிட்டாள், செருப்பு மட்டும் போயிற்று. ஆனால் இனிமேல் எவரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்று தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பெல்லியப்பா கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"வேதமுத்து, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எல்லாத்துலயும் ஒண்ணு மிஞ்சுது. மிஞ்சாத மாதிரி ஒரு நம்பர் இருக்கணுமே. களத்துல நிறுத்தி நிறுத்திப் பார்க்க நேரம் இல்லை, கொழுந்து போயிடும். பேப்பர்ல போட்டுக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க."

வேதமுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இரண்டு முதல் ஆறு வரை எல்லாவற்றாலும் மிச்சமில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் அறுபது. எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டுமானால் அது அறுபதின் ஏதாவது ஒரு மடங்குக்கு மேல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அறுபத்தொன்று, நூற்று இருபத்தொன்று என்று வரிசையாக எழுதினார். அறுபத்தொன்றில் தொடங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, களத்தில் நிற்பவர்கள் அறுபத்தொரு பேர் அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போய்ச் சேரப் பிடிக்காத வீட்டுக்கு நடப்பவர் சுற்று வழியில் போவதைப் போல, அங்கிருந்துதான் தொடங்கினார். ஆறுக்கு அடுத்தது ஏழு. அறுபத்தொன்றை ஏழால் வகுத்தார், ஐந்து மிஞ்சிற்று. நூற்று இருபத்தொன்றில் இரண்டு. நூற்று எண்பத்தொன்றில் ஆறு. இருநூற்று நாற்பத்தொன்றில் மூன்று. பிறகு எழுத வேறு எண் இல்லாததால் முந்நூற்று ஒன்று என்று எழுதி, ஏழால் வகுத்தார். நாற்பத்து மூன்று முறை போயிற்று. மிச்சம் இல்லை.

புதிரை விடுவித்தவர்களுக்கு வரும் சந்தோஷம் அவருக்கு வரவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பதினோரு நாள் அப்படியே வைத்திருந்தார். பிறகு மேனேஜரிடம் போய், "ஏழு சார்" என்றார்.

"வரிசைக்கு எத்தனை பேர்?"

"நாற்பத்து மூணு."

கால்குலேட்டர் மேஜை மேல்தான் இருந்தது. பெல்லியப்பா பேனாவை எடுத்து, இன்று முதல் ஏழு வரிசை, வரிசைக்கு நாற்பத்து மூன்று பேர் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாராவது பெருக்கிப் பார்க்கட்டும் என்று வேதமுத்து அதைக் களத்துப் பலகையில் நடு மத்தியில் ஒட்டினார். தானாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

யாரும் பெருக்கவில்லை. ஏழு வரிசையாக நின்றார்கள், ஒருத்தியும் மிஞ்சவில்லை. களத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, யாரோ கை தட்டினார்கள். நாற்பத்து மூன்று பேர் ஒரே கோடாகக் காட்டில் ஏறினார்கள், நாற்பத்து மூன்று வாயும் ஓடிற்று, தனியாகப் பகலைக் கழிக்க ஒருத்தியும் இல்லை. இரண்டு வாரத்தில் அன்னக்கொடி வீட்டு வாசலில் சர்க்கரை வருவது நின்றது. மூன்றாம் வாரம், லீலாவுக்குத் திருப்பூரில் கல்யாணம் ஆகிவிட்டதாம், மாப்பிள்ளை கட்டிங் மாஸ்டராம் என்று நிறுவையில் யாரோ சொல்ல, "அப்படியா, நல்லா இருக்கட்டும்" என்று இன்னொருத்தி மனதார வாழ்த்தினாள். வாழ்த்தியவளுக்கு அது பொய் என்பது அந்த நேரத்தில் உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. அன்னக்கொடி அவளுக்குப் பின்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்னக்கொடிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய விதைக் காட்டில் உதிர்ந்து கிடந்த தேயிலை விதைகளைப் பொறுக்கி வந்து, வீட்டுத் தரையில் ஏழு வரிசையாக, வரிசைக்கு நாற்பத்து மூன்று விதை பரப்பினாள். பிறகு நூறு நூறாகக் கூட்டினாள். மூன்று குவியல் ஆயிற்று. ஒரு விதை தரையில் கிடந்தது. அதையும் சேர்த்து எல்லாவற்றையும் தலைத்துண்டில் முடிந்துகொண்டு கணக்குப்பிள்ளையின் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, இதை எண்ணுங்க."

"என்னது இது?"

"பலகையில ஒட்டியிருக்கீங்களே, அது."

வேதமுத்து மறுபேச்சுப் பேசாமல் எண்ணினார். மெதுவாகத்தான் எண்ணினார்.

"முந்நூத்தி ஒண்ணு."

"மஸ்டர்ல எத்தனை?"

"முந்நூறு."

"அப்ப ஒண்ணு கூட இருக்கு. எதுன்னு பார்த்து எடுத்துருங்க."

விதைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே உருட்டு. வேதமுத்துவின் கை குவியல் வரைக்கும் போய், ஒரு விதையின் மேல் நின்று, திரும்பி வந்தது.

"எடுக்க முடியலேல்ல?" என்றாள் அன்னக்கொடி. "எனக்கும் முடியல. இருக்கேன்னு என் வாயால சொன்னேன், அதுலதான் அவ இல்லாமப் போனா. நாளைக்கு நான் சொல்லமாட்டேன். நீங்க அவ பேரைக் கூப்பிடுங்க."

"உன் பேர் போகும், அன்னக்கொடி. வீடு போகும்."

"போகட்டும்."

தன் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்ததைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டார். ஆனால் வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது. "இன்னொண்ணும் இருக்கும்மா. கூப்பிட்டுட்டா கணக்கு நேராயிடும். அப்புறம் உன் பக்கத்துல…" என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்தினார்.

அன்னக்கொடி விதைகளை ஒவ்வொன்றாகத் துண்டில் எடுத்துப் போட்டாள். "தெரியும்யா. ஒம்பது மாசமா பக்கத்துல நிக்கிறா. பேசமாட்டா. கூப்பிட்டாத் திரும்பிப் பார்ப்பா, அம்புட்டுதான். பேர் இல்லாம இன்னும் எத்தனை நாளைக்கு நிப்பா? நின்னு நின்னு அவளுக்குக் கால் வலிக்காதா?"

மறுநாள் காலையில் வேதமுத்து பேர் கூப்பிட்டார். அன்னக்கொடி என்ற பேர் வந்தது. பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் பேர் கூப்பிடும்போது தலை நிமிர்ந்து களத்தைப் பார்த்தார், முகங்கள் எவ்வளவு வயதாகியிருக்கின்றன என்று ஒரு கணம் திகைத்தார், பிறகு புத்தகத்தைப் பார்க்காமலே கூப்பிட்டார்:

"புஷ்பலீலா. அன்னக்கொடி மகள்."

ஆபீஸ் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த பெல்லியப்பாவுக்கும் அது கேட்டது. களத்தில் யாரும் அசையவில்லை. நாற்பது வீடுகளும் அவரவர் நெஞ்சில் வந்து நின்றிருக்க வேண்டும். ஒச்சம்மா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"இருந்தா" என்றாள். "பாலத்துல எனக்கு முன்னாடி போனா. பெரியம்மா, பலகை வழுக்குது, பார்த்து வாங்கன்னு திரும்பிச் சொன்னா. திரும்புனதுலதான் கயித்தை விட்டுட்டா, அப்பதான் பாலம் முறிஞ்சுது. எனக்குச் சொல்லத்தான் திரும்புனா."

"இருந்தா" என்றாள் சீனித்தாய். மஞ்சள் சுடிதாரைச் சொன்னவளும் "இருந்தா" என்றாள். பிறகு முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு, ஒவ்வொரு மிச்சக்காரியும், தன் தனிப் பகலில் எதிர்ப் பக்கத்தில் நின்ற வாக்கியத்தைத் திருத்திச் சொல்வதைப் போல, "இருந்தா, இருந்தா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அன்னக்கொடி மட்டும் தன் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதமுத்து முந்நூறாவது பேருக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு, அந்தப் பேரை எழுதி, தேதியாக ஆடி மாதத்துத் தேதியைப் போட்டார்.

மறுபடி விசாரணை என்றார்கள். வேதமுத்துவுக்கு மறுநாளோடு வேலை இல்லை என்றும், அன்னக்கொடியின் பேரை அடிக்கும் உத்தரவு வர இரண்டு வாரம் ஆகும் என்றும், மற்றவர்களைப் பற்றிப் பிறகு முடிவு செய்யப்படும் என்றும் ஆபீசில் சொன்னார்கள். செய்தித்தாளில் ஒன்றும் வரவில்லை. ஒன்பது மாதப் பழைய சாவுக்கு நான்கு வரி அதிகம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, தன் கடைசி மஸ்டரைக் கூப்பிட்டு முடித்து, வேதமுத்து, "சோடி சேருங்க" என்றார். ஏழு வரிசை உத்தரவு பலகையில் அப்படியே இருந்தது, ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். கடைசியில் அன்னக்கொடியும் ஒச்சம்மாவும் சேர்ந்தார்கள். அவ்வளவுதான். நூற்றைம்பது சோடி. அதற்குப் பின்னால் ஈரத் தரைதான் இருந்தது.

கணக்கு நேராகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் காட்டுக்கு நகரவில்லை. அன்னக்கொடி இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், ஒச்சம்மா நின்றாள். வலது பக்கம் பார்த்தாள். பிறகு "லீலா" என்று ஒரு முறை, அடுத்த அறையிலிருப்பவளைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. அவள் கூடையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சோடியை விட்டு வெளியே வந்து, களத்தின் ஓரமாகப் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு மிச்சம்" என்றாள். "எழுதிக்கங்க."

வேதமுத்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினார். தனியாக நின்ற ஒச்சம்மா, சேற்றில் அரை அடி தள்ளி நின்று, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.